உதிர்ந்ததும் ஒடித்ததும்

இயற்கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு அழகான ஒன்றைச் செய்தால், அச்செயல் குற்றமற்றதாகிவிடுமா? இவ்வினா நூல்களைப் படித்து எனக்குத் தோன்றியதன்று. கல்லூரியில் பயிலும் என் பேர்த்தியோடு ஏற்பட்ட ஒரு சிறு மனத்தாங்கலில் பிறந்தது. அவ்வினாவுக்கு நான் கண்ட விடை முழுமையானதென்று சொல்லத் துணியேன். ஆயினும் நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளைக் கருதி, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதுவது கடமையெனக் கருதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் நான் மகனோடு துவாக்குடியில் வசித்து வருகிறேன். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. கொதிகலன் ஆலையும், அதனைச் சார்ந்த பட்டறைகளும், கல்வி நிலையங்கள் பலவும் சூழ்ந்த பகுதி. வந்தவாசிப் பக்கத்து நெல்வயல்களையே கண்டு வளர்ந்த எனக்கு, இவ்வூரின் செம்மண் மேடுகளும், சீமைக்கருவேலங் காடுகளும், ஆங்காங்கே தனித்து நிற்கும் பனைகளும் முதலில் அந்நியமாகவே தோன்றின. இப்போது பழகிவிட்டன.

சென்ற ஆண்டுத் தை மாதம், என் பேர்த்தி பயிலும் கல்லூரியில் (அதன் பெயர் இங்குத் தேவையில்லை) மாணவர் பதினைந்து பேர் சேர்ந்து திறந்தவெளியில் ஒரு கலையமைப்பை உருவாக்கத் தொடங்கினர். சுவரில் மாட்டும் ஓவியமுமன்று, பீடத்தில் நிறுத்தும் சிலையுமன்று. ஓரிடத்தையே கலையாக்கி, காண்பவர் அதனுள் நடந்து செல்லும்படி அமைப்பதாம் இது. நிறுவற்கலை என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். ஆள் உயரத்திற்கு மேற்பட்ட பெரிய பறவைக்கூடு ஒன்றைப் பனையோலை, சுள்ளி, தேங்காய் நார், களிமண் ஆகியவற்றால் கட்டுவது அவர்களுடைய திட்டம். தெர்மோகோல், பிளாஸ்டிக், வண்ணப்பூச்சு எதுவும் கூடாதென்று தாங்களாகவே விதி வகுத்துக்கொண்டனர். கேட்டபோது என் நெஞ்சு குளிர்ந்தது.

ஒரு சனிக்கிழமை நண்பகல், பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாதம் எடுத்துக்கொண்டு அங்குச் சென்றேன். கூட்டின் அடிப்பகுதி எழும்பியிருந்தது. அதன் உட்புறம் பசுமையாக விளங்க வேண்டுமென்று புங்கமரத்தின் கிளைகளை ஒடித்துக் குவித்திருந்தனர். சற்றுத் தொலைவில் இடுப்பளவு உயர்ந்த கறையான் புற்று ஒன்று பாதி இடிந்து கிடந்தது. புற்றுமண் நன்கு ஒட்டும் என்று யாரோ சொன்னார்களாம். இடிந்த பக்கத்தில் வெண்ணிறச் சிதல்கள் வெயிலில் துடித்துக்கொண்டிருந்தன. எறும்புகள் அவற்றை இழுத்துச் சென்றன. மண்வெட்டியைப் பிடித்திருந்தவள் என் பேர்த்திதான்.

தோழியர் முன்னிலையிலேயே அவளைக் கடிந்துகொண்டேன். “நீ யார் வீட்டுப் பெண் என்பதை மறந்துவிட்டாயா?” என்று கேட்டேன். அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. கொண்டுசென்ற சாதத்தை ஒருவரும் விரும்பி உண்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் மாலை, விளக்கேற்றும் வேளையில் அவள் என்னருகே வந்து அமர்ந்தாள். குரலில் சினமில்லை. “பாட்டி, நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது. புற்றை இடித்தது தவறுதான். ஆனால் எனக்கு ஒன்று சொல்லுங்கள். நாங்கள் கிளையை ஒடித்தால் இம்சை. நீங்கள் நாள்தோறும் காலையில் பூசைக்கு இட்லிப் பூவைக் கொத்துக் கொத்தாக ஒடித்து வருகிறீர்களே, அது என்ன? செடிக்கு ஓரறிவு உண்டென்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே? அப்படியானால் நாங்கள் எதையுமே செய்யக்கூடாதா?”

முப்பத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். மாணவரின் வினாவுக்கு விடை தெரியாதபோது, “நாளை சொல்கிறேன்” என்று கூறுவதில் இழிவில்லை என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்திருந்தனர். அதையே சொன்னேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவளுடைய வினா வேறொரு கதவையும் திறந்துவிட்டது.

1970ஆம் ஆண்டு வாக்கில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றேன். தக்களியில் நூல் நூற்பதும், தோட்டவேலையும், கற்பித்தற் கருவிகள் செய்வதும் அக்காலப் பயிற்சியின் பகுதிகள். இயற்கைப் பாடத்திற்காக ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பேடு தயாரிக்க வேண்டும். பலர் இலைகளை ஒட்டினர். நான் வண்ணத்துப்பூச்சிகளை ஒட்டினேன். இருபத்துநான்கு பூச்சிகள். ஒவ்வொன்றின் கீழும் என் அழகான கையெழுத்தில் பெயர். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான் கிடைத்தது. விடுமுறையில் அதனை ஊருக்கு எடுத்துச் சென்று என் தந்தையிடம் காட்டினேன். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் நீரும் பருகாதவர் அவர். இரண்டு பக்கங்களைப் புரட்டினார். பிறகு ஏட்டை மெல்ல மூடி, என் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்கு அன்றே விளங்கிற்று. ஆயினும் மதிப்பெண்ணின் மகிழ்ச்சி அதனை மறைத்துவிட்டது. பின்னாளில் நான் என் மாணவர் எவரையும் பூச்சி பிடிக்கச் சொன்னதில்லை. ஆனால் ஏன் சொல்லவில்லை என்பதை அவர்களுக்கு ஒருபோதும் விளக்கியதுமில்லை.

இந்த நினைவோடு, பேர்த்தியின் வினாவை மீண்டும் எண்ணிப் பார்த்தேன்.

முதலாவதாக, ‘இயற்கைப் பொருள்’ என்னும் சொல்லே நம்மை ஏமாற்ற வல்லது. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் உள்ள பெரிய உப்பேரியில், 1970ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்மித்சன் என்னும் கலைஞர் கல்லும் மண்ணும் கொண்டு சுருள் வடிவில் ஒரு கரையை அமைத்தார். உலகப் புகழ்பெற்ற படைப்பு அது. அதில் இட்டவை யாவும் இயற்கைப் பொருள்களே. ஆனால் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட பாறையையும் மண்ணையும் பொறிவண்டிகள் பெயர்த்துக் கொண்டுவந்து ஏரியில் கொட்டின. இதற்கு மாறாக, இங்கிலாந்தில் பிறந்த ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்பவர் உதிர்ந்த இலைகளை முள்ளால் தைத்தும், பனிக்கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டியும், காற்றும் வெயிலும் கலைத்துவிடக்கூடிய உருவங்களைச் செய்து வருபவர். இருவர் கையாண்டதும் இயற்கைப் பொருள்தான். எனவே பொருளின் வகையை மட்டும் கொண்டு செயலின் தன்மையைத் தீர்மானித்தல் இயலாது. எங்கிருந்து, எவ்வளவு, எவ்வாறு எடுத்தோம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. சாந்திநிகேதனத்தில், 1935ஆம் ஆண்டு கவிஞர் தாகூருக்காகச் சியாமலி என்னும் மண்வீடு எழுப்பப்பட்டபோது, நந்தலால் போஸின் வழிகாட்டலில் கலாபவன மாணவர்கள் அதன் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களை அமைத்தனர். அடுத்த ஆண்டு டிசம்பரில், மகாராட்டிரத்துப் பைஸ்பூர் என்னும் கிராமத்தில் காங்கிரசு மாநாடு கூடியது. மாநாட்டு நகரத்தைக் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். நந்தலால் அப்பணியை ஏற்று, மூங்கிலையும் பாயையும் ஓலையையும் கொண்டு அதனை அழகுறச் செய்தார். 1938இல் குஜராத்தின் ஹரிபுரா மாநாட்டிற்காகக் கைக்காகிதத்தில் மண்வண்ணங்களால் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தாமே தீட்டினார்; அவற்றைப் பார்த்து மாணவர்கள் மேலும் பல படிகள் வரைந்தனர். உழவர், தச்சர், மத்தளம் கொட்டுவோர் போன்ற எளிய மக்களே அப்படங்களின் நாயகர்கள். அருகில் உள்ளதைக் கொண்டு, வேண்டிய அளவே எடுத்து, ஆடம்பரமின்றிச் செய்தல் என்னும் பாடத்தை அம்மாணவர்கள் கைவேலையின் வாயிலாகவே கற்றனர். நம்முடைய பொருள்வரைதல் என்னும் விரதத்திற்கு இது மிக நெருங்கிய கருத்து.

ஆயினும் என் பேர்த்தியின் வினாவுக்கு இது விடையாகாது. புங்கமரமும் அருகில் உள்ளதுதான்; கறையான் புற்றும் அருகில் உள்ளதுதான்.

இங்கேதான் நம் முன்னோர் வகுத்த அனர்த்த தண்ட விரதம் நினைவுக்கு வருகிறது. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அது. சமந்தபத்திராசாரியாரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனை விரித்துரைக்கின்றன. உழுதும் சமைத்தும் வீடு கட்டியும் வாழ வேண்டிய இல்லறத்தான் ஓரறிவுயிர்க்கு ஊறு செய்யாமலே இருத்தல் அரிது. ஆனால் பயன் ஏதுமின்றி மண்ணைத் தோண்டுவதும், நீரைக் கொட்டுவதும், தீயை மூட்டுவதும், செடிகொடிகளை ஒடிப்பதும் அவனுக்கு விலக்கப்பட்டவை. நடக்கும்போது கை சும்மா இராமல் வேலியோரத்து இலையைக் கிள்ளிக்கொண்டே போகிறோமே, அதுவும் இதில் அடங்கும்.

அப்படியானால், அழகு ஒரு பயனா? கலைக்காகக் கிளையை ஒடிப்பது பயனுள்ள செயலா, பயனற்ற தண்டமா? இதுவே வினாவின் உயிர்நாடி.

அழகு பயனற்றதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் மரபும் அவ்வாறு சொல்லவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. மலைமேல் ஏழடிப்பட்டத்தில், எல்லாவற்றையும் துறந்த முனிவர்கள் வெறுங்கல்லில் படுத்து நோன்பு நோற்ற இடம் இன்றும் வழவழப்பாக இருக்கிறது. அதே மலையின் மறுபுறத்துக் குடைவரையில், அறிவர் கோயிலின் விதானத்தில், தாமரைக் குளமும், மீன்களும், அன்னங்களும், யானைகளும், தாமரை ஏந்திய பவ்வியர்களும் வண்ணமாக நிற்கின்றனர். தீர்த்தங்கரரின் சமவசரணத்தைச் சார்ந்த குளத்தைக் காட்டுவது அவ்வோவியம் என்பர் அறிஞர். ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், அக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவரை அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. கல்லின்மேல் உறங்கிய துறவியரின் மலைக்கு வண்ணமும் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் எண்ணியிருக்கிறார். மனத்தை மேல்நோக்கித் திருப்பும் அழகு வீண்செயலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று எனக்கு வேண்டுவதில்லை.

எனவே கலைக்கு இடமுண்டு. ஆனால் பயனுள்ள செயல் என்பதாலேயே எவ்வாறும் செய்யலாம் என்னும் உரிமை வந்துவிடுமா? இதற்கு விடையாக நம் குழந்தைகள் யாவரும் அறிந்த நாவல்மரக் கதையே இருக்கிறது. பசியோடு வந்த அறுவர் பழுத்த நாவல்மரத்தைக் கண்டனர். ஒருவன் வேரோடு சாய்ப்போம் என்றான். ஒருவன் அடிமரத்தை வெட்டலாம் என்றான். ஒருவன் பெருங்கிளையையும், ஒருவன் கொத்தையும் கேட்டான். ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிப்போம் என்றான். ஆறாமவன், “கீழே உதிர்ந்து கிடப்பனவே நமக்குப் போதும்” என்றான். கரிய லேசியை முதல் வெண்மை லேசியை ஈறாக ஆறு லேசியைகளையும் விளக்கக் கூறப்படும் கதை இது.

சிறுமியாக இருந்த நாள் தொட்டு நூறு முறையாவது இக்கதையைக் கேட்டிருக்கிறேன்; மாணவர்க்குச் சொல்லியும் இருக்கிறேன். அன்றிரவுதான் ஒன்று புலப்பட்டது. ஆறாமவனும் உண்டான். பட்டினி கிடக்குமாறு கதை அவனிடம் சொல்லவில்லை. அறுவருக்கும் பசி ஒன்றே, மரமும் ஒன்றே, அவரவர் பசிக்கும் மரத்துக்கும் இடையே எத்தனை அழிவை வைக்க ஒருப்பட்டனர் என்பதில்தான் வேறுபாடு. மேலும், முதலாமவன் கொடியவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவன் அவசரக்காரன், அவ்வளவே. பசியின் வேகத்தில் மரம் அவன் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நான் வண்ணத்துப்பூச்சி பிடித்த நாளில் எனக்கும் அதுவே நேர்ந்தது. மதிப்பெண் தெரிந்தது, பூச்சி தெரியவில்லை. மண்வெட்டி பிடித்த என் பேர்த்திக்குக் கூடு தெரிந்தது, புற்று தெரியவில்லை. பூக்கூடையோடு தோட்டத்தில் நிற்கும் எனக்குப் பூசை தெரிகிறது, செடி தெரிவதில்லை.

மறுநாள் காலை அவளை அழைத்து, “நீ கேட்டது சரியான வினா, அம்மா. நேற்று முன்தினம் உன் தோழியர் முன் அவ்வாறு பேசியது என் தவறு” என்று கூறினேன். ஏட்டின் கதையையும் சொன்னேன். இதுவரை என் மகனுக்குக்கூட நான் சொல்லாத கதை அது. அவள் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நாவல்மரத்தைப் பற்றிப் பேசினோம்.

அவர்கள் தங்கள் பணியைக் கைவிடவில்லை. வேறு வகையில் தொடர்ந்தனர். ஒடித்துவிட்ட புங்கங்கிளைகளை எறியாமல் பயன்படுத்திக்கொண்டு, இனிப் பச்சைக் கிளை ஒடிப்பதில்லை என்று முடிவு செய்தனர். மின்கம்பிக்கு இடையூறென்று மின்வாரிய ஊழியர் வெட்டிச் சாலையோரத்தில் போட்டிருந்த கிளைகளைக் கேட்டு வாங்கினர். பனையடியில் காய்ந்து விழுந்த மட்டைகளைப் பொறுக்கினர். வீடு கட்டுவதற்குக் கடைக்கால் தோண்டிக் குவித்திருந்த மண்ணை உரிமையாளரின் இசைவோடு எடுத்து வந்தனர். உதிர்ந்தவை என்பதாலேயே அவை உயிரற்ற இடமாகிவிடா. மட்டையின் கீழ் மரவட்டை இருக்கும். சருகின் கீழ் எறும்பு இருக்கும். ஆகவே எடுக்குமுன் நோக்கவும், மெல்லத் தட்டவும், வைக்கும்போதும் பார்த்து வைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடிருத்தல் முனிவரின் சமிதிகளுள் ஒன்று என்பதை அப்பிள்ளைகள் அறியார். என் பேர்த்தி அறிவாள். இதனால் வேலை ஐந்து நாள் நீண்டது. கூட்டின் உயரமும் ஒரு முழம் குறைந்தது. இடிந்த புற்றைச் சிதல்கள் தாமே சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டன. ஆனால் வெயிலில் மாண்டவை மாண்டவைதாம். அதனை மறைத்துப் பேசுவதற்கில்லை.

கூடு பத்து நாள் நின்றது. பலர் அதனுள் நுழைந்து, ஓலை இடுக்கில் விழும் ஒளியில் சற்று நேரம் பேசாமல் நின்றதைக் கண்டேன். அதன்பின் இடத்தைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. காய்ந்த பொருள்தானே, ஒரு தீக்குச்சி போதும் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பத்து நாளில் கூட்டின் அடியில் எறும்புகள் வரிசை பிடித்திருந்தன. ஓலை மடிப்பில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அணிலொன்று நாரை இழுத்து உள்ளே மெத்தை அமைத்திருந்தது. மனிதர் விளையாட்டாகச் செய்த கூட்டை உயிர்கள் உண்மை வீடாகவே ஏற்றுக்கொண்டன. பிள்ளைகள் நான் சொல்லாமலே தீயை மறுத்தனர். ஒரு காலைப்பொழுது முழுவதும் செலவிட்டு, ஒவ்வொரு மட்டையாக எடுத்து, மைதானத்தின் ஓரத்து வேலியருகே கொண்டுபோய் அடுக்கினர். அணிலின் மெத்தை இருந்த பகுதியைக் கலைக்காமல் இருவர் தாங்கிச் சென்று மரநிழலில் வைத்தனர். தாங்கள் உழைத்துச் செய்ததைத் தங்கள் கையாலேயே பிரித்தபோது ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை. நிலையாமையைப் பற்றி நான் வகுப்பில் நடத்திய பாடங்கள் எதுவும் அவ்வளவு தெளிவாக அமைந்ததாக எனக்கு நினைவில்லை.

நம் இல்லத்து வாசலிலும் இப்பாடம் உண்டு. அரிசிமாக் கோலம் மாலைக்குள் அழிந்துவிடும். அதற்குள் எறும்புக்கு உணவாகியிருக்கும். இன்று கல்மாவும், தரையில் ஒட்டும் தாளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அழியாத கோலம் எறும்புக்கு உதவாது.

பூசைப் பூவைப் பற்றிய வினா இன்னும் என்னோடுதான் இருக்கிறது. பெரியோர் வகுத்த வழிபாட்டு முறையை மாற்றச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது என் நோக்கமுமன்று. ஆனால் என் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்வது என் உரிமை. தோட்டத்து மூலையில் பவழமல்லி ஒன்று இருக்கிறது. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்ந்துவிடும் பூ அது. தரையில் ஒரு தூய துணியை விரித்து வைக்கிறேன். காலையில் அதில் கிடப்பதை எடுத்துக்கொள்கிறேன். பூ உதிராத நாள்களில், இட்லிப் பூச்செடியருகே சென்று ஒன்றிரண்டு மலர்களை மட்டும் கிள்ளுகிறேன்; கொத்தாக ஒடிப்பதில்லை. அவ்வேளையில் செடியைப் பார்த்துக்கொண்டுதான் கிள்ளுகிறேன். முன்பு அவ்வாறு பார்த்ததில்லை.

பெற்றோர்க்கும், என் போன்ற பாட்டிமார்க்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பள்ளிக்காகவும் கல்லூரிக்காகவும் எதையேனும் செய்யும்போது, முடிந்தபின் பார்த்துப் பாராட்டவோ கடிந்துகொள்ளவோ மட்டும் செல்ல வேண்டாம். பொருள் பொறுக்கும் நாளிலேயே உடன் செல்வோம். என் தந்தை அன்று ஏட்டை மூடியதோடு ஒரு சொல்லும் சொல்லியிருந்தால், நான் என் மாணவர்க்கும் அதனைச் சொல்லியிருப்பேன். அவர் சொல்லாமல் விட்டதை, ஐம்பது ஆண்டுகள் கழித்து, என் பேர்த்தியிடம் நான் உரக்கவும் கடுமையாகவும் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டென்று அவள் கேட்ட வினாவே எனக்குக் காட்டியது.